காசு போனால் முதல் அழைப்பு யாருக்கு?

காசும் கைபேசியும்: வாசகர் கேள்விகளுக்குக் கிளிநொச்சியிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் ஒருவரின் பதில்கள்

பயிர்க்கடன், நகை அடகு பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன், குறைநினைக்க வேண்டாம். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இணையக் களவு பற்றியவை. அதனால் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: அக்கா, சுவிஸில் இருக்கும் தம்பியின் வட்ஸ்அப்பில் இருந்து, “அவசரம், என்ர கூட்டாளி ஒருவனுக்கு இரண்டு லட்சம் போட்டுவிடு, நாளைக்கு அனுப்புறன்” என்று செய்தி வந்தது. தந்த கணக்கு இலக்கத்துக்குப் போட்டுவிட்டேன். பின்னேரம் தம்பி கோல் எடுத்து, தன்னுடைய வட்ஸ்அப்பை யாரோ பிடித்துவிட்டார்கள் என்றான். வெளிநாட்டில் இருந்து செய்கிற வேலை, முறைப்பாடு கொடுத்துப் பிரயோசனம் இல்லை என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா?
(வாசகி, விசுவமடு)

பதில்: அந்த ‘எல்லாரும்’ தங்களை அறியாமலே கள்ளனுக்கு உதவி செய்கிறார்கள், தங்கச்சி. செய்தி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. சரி. ஆனால் காசு எங்கே போனது என்று தெரியும். அது இந்த நாட்டு வங்கி ஒன்றில் உள்ள கணக்கு. அந்தக் கணக்குக்கு ஒரு பெயர் இருக்கிறது, அடையாள அட்டைப் பிரதி இருக்கிறது, யாரோ ஒருவர் கிளைக்குப் போய்ப் போட்ட கையெழுத்து இருக்கிறது. கள்ளன் வெளிநாட்டில் இருந்தாலும் அவனுடைய கால் ஒன்று இங்கே மிதித்திருக்கிறது.

இப்படி நடந்தவுடன் முதல் அழைப்பு உங்கள் வங்கிக்குத்தான். கிளைக்கு அல்ல, அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் 24 மணிநேர இலக்கத்துக்கு. “மோசடி நடந்துவிட்டது, பெறுநர் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள்” என்ற வசனத்தை அப்படியே சொல்லுங்கள். “தவறுதலாகப் போட்டுவிட்டேன்” என்று கூச்சத்தில் மாற்றிச் சொல்லாதீர்கள். கவுண்டரின் மற்றப் பக்கத்தில் கனகாலம் இருந்தவள் என்பதால் சொல்கிறேன், அந்த இரண்டு வசனமும் இரண்டு வேறு மேசைகளுக்குப் போகும். ஒன்று அன்றைக்கே போகும். மற்றது படிவம் நிரப்பிக் காத்திருக்கும். போட்ட காசை வங்கி தன் விருப்பத்துக்கு மற்றவர் கணக்கிலிருந்து திருப்பி எடுக்க ஏலாது. ஆனால் அங்கே மிச்சம் இருந்தால் அதை அசையாமல் வைக்க வழி இருக்கிறது. கள்ளர் காசை ஒரு கணக்கில் நெடுநேரம் வைத்திருக்க மாட்டார்கள். இரண்டாம், மூன்றாம் கணக்குக்கு மாற்றி, ஏ.டி.எம்.மில் எடுத்து, அல்லது கிரிப்டோவாக்கி முடித்துவிடுவார்கள். ஆகவே எவ்வளவு வெள்ளெனச் சொல்கிறீர்கள் என்பதுதான் விசயம்.

அப்புறம் பொலிஸ். தம்பியின் பெயரில் வந்த அந்தச் செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். செய்தி வந்த நேரம், கணக்கு இலக்கம், பணம் அனுப்பியதும் வங்கி தந்த பரிவர்த்தனை இலக்கம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, ஒரு பிரதியைக் கடதாசியிலும் எடுத்துக்கொண்டு போங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேட்பது உரிமை, சலுகை அல்ல. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

இனி வெளிநாட்டு விசயம். புடாபெஸ்ட் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. இணையக் குற்றத்துக்கென்று நாடுகள் செய்துகொண்ட முதல் ஒப்பந்தம். 2001 நவம்பரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. இலங்கை 2015இல் சேர்ந்தது, தென்னாசியாவில் முதல் நாடு நாங்கள்தான். சுவிஸும் அதில் இருக்கிறது, வட்ஸ்அப் நிறுவனம் இருக்கும் அமெரிக்காவும் இருக்கிறது. சேர்ந்த ஒவ்வொரு நாடும் இரவு பகல், வாரத்தில் ஏழு நாளும் பதில் சொல்லும் ஒரு தொடர்பிடத்தை வைத்திருக்க வேண்டும். இலங்கைப் பொலிஸ் அதன் மூலம், “இந்த வட்ஸ்அப் கணக்கு சம்பந்தப்பட்ட தரவை அழியவிடாமல் வையுங்கள்” என்று கேட்டால், குறைந்தது 60 நாளுக்கு அதைப் பாதுகாத்து வைக்க வேண்டும். தரவைக் கையில் வாங்குவது வேறு கதை. அது நீதி அமைச்சு வழியாகக் கடிதம் போய், மாதக்கணக்கில் இழுபடும். ஆனால் முதலில் அழியாமல் நிற்க வேண்டும் அல்லவா? இவ்வளவுக்கும் தொடக்கம் உங்கள் முறைப்பாடுதான். அது இல்லாமல் கொழும்பில் யாரும் யாரையும் கேட்கப்போவதில்லை.

தம்பியிடம் சொல்லுங்கள், அவரும் அங்குள்ள பொலிஸில் பதிய வேண்டும். அவருடைய வட்ஸ்அப் அங்கே களவு போனது, உங்கள் காசு இங்கே களவு போனது. இரண்டு முறைப்பாடும் ஒன்றையொன்று குறிப்பிட்டால், இரண்டு நாட்டிலும் கோப்பைத் திறப்பவருக்கு மற்ற நுனி தெரியும். பெரும்பாலும் யாராவது கோல் எடுத்து, “கோயில் சூம் கூட்டத்தில் சேர்க்கிறோம், வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கோ” என்று கேட்டிருப்பார்கள், இவரும் சொல்லியிருப்பார். வட்ஸ்அப்பைத் திரும்பவும் தன் இலக்கத்தில் பதிந்து, இரட்டைச் சரிபார்ப்புக்கான இரகசிய (PIN) இலக்கத்தையும் போடச் சொல்லுங்கள்.

காசு திரும்புமா என்று நான் வாக்குத் தர மாட்டேன். ஆனால் 2024 ஜூலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று, தன் வழங்குநரின் முகவரி போலவே தோன்றிய மின்னஞ்சலை நம்பி, 4 கோடியே 23 லட்சம் அமெரிக்க டொலரைக் கிழக்குத் திமோரில் ஒரு கணக்குக்கு அனுப்பிவிட்டது. நாலு நாள் கழித்து உண்மையான வழங்குநர் “காசு வரவில்லையே” என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கே பொலிஸுக்குப் போனார்கள். இன்டர்போலில் இப்படிப் போகும் பணத்தை மறிப்பதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதன் வழியாக இரண்டு நாளில் 3 கோடியே 90 லட்சம் டொலரை அங்கே நிறுத்திவிட்டார்கள். பிறகு கைதுகளும் நடந்தன, இன்னும் 20 லட்சத்துக்கு மேல் மீண்டது. உங்கள் இரண்டு லட்சம் ரூபாவுக்கு இன்டர்போல் ஓடிவராது, அது எனக்கும் தெரியும். ஆனால் வழி ஒன்றேதான்: தெரிந்த அன்றே வாய் திறப்பது.

கேள்வி: ஒரு நண்பர் தன் கணக்கில் பிரச்சினை என்று என் கணக்குக்கு வரும் காசை எடுத்துத் தரச் சொல்கிறார். பத்து வீதம் கொமிசன். செய்யலாமா?
(க., புதுக்குடியிருப்பு)

பதில்: செய்ய வேண்டாம். மேலே விசுவமடு வாசகியின் கேள்வியில் வரும் ‘பெறுநர் கணக்கு’ இப்படித்தான் உருவாகிறது. பொலிஸ் முதலில் வருவது கணக்குக்காரரின் வீட்டுக்கு. 2017 ஒக்டோபரில் தாய்வான் வங்கி ஒன்றின் கணினிக்குள் நுழைந்து களவெடுத்த காசில் ஒரு பகுதி இலங்கைக் கணக்குகளுக்கு வந்தது. ஊடுருவியவர்கள் எங்கேயோ இருந்தார்கள். கைதானது இங்கே காசை எடுக்கப் போனவர்கள்.

கேள்வி: உலக நாடுகளின் இணையப் பாதுகாப்பை அளந்து தரப்படுத்துகிறார்களாம். யார் அளக்கிறார்கள், எப்படி? அந்த அளவுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு? வகுப்பில் கேட்டார்கள், பதில் சொல்ல முடியவில்லை.
(ஆசிரியர், மாங்குளம்)

பதில்: நல்ல பிள்ளைகள், சேர். அளப்பவர்கள் ஒருவர் இருவர் அல்ல. பெரியது, ஐக்கிய நாடுகளின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிடும் உலக இணையப் பாதுகாப்புச் சுட்டெண். 2015இல் தொடங்கியது, 2024இல் ஐந்தாவது பதிப்பு வந்தது, 194 நாடுகள். சட்டம், தொழில்நுட்பம், நிறுவன ஒழுங்கு, ஆள்வளம், ஒத்துழைப்பு என்று ஐந்து தூண்களில் கேள்விக்கொத்து அனுப்பி, சான்று கேட்டு, புள்ளி போடுவார்கள். முன்பு முதலாம் இடம், எண்பதாம் இடம் என்று வரிசை இருந்தது. 2024இல் அதை விட்டுவிட்டு ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். மேல்படியில் 46 நாடுகள், இந்தியாவும் அதற்குள். வரிசையை விட்டது நல்ல வேலை என்பேன். எங்கள் ஆட்களுக்கு வரிசை என்றால் பரீட்சை முடிவு மாதிரி, இடத்தை மட்டும் பார்ப்பார்கள், எந்தப் பாடத்தில் குறைந்தது என்று பார்க்க மாட்டார்கள்.

எஸ்தோனியாவில் இருந்தும் ஒரு சுட்டெண் வருகிறது. 2007இல் அந்தச் சின்ன நாட்டின் வங்கிகள், பத்திரிகைகள், அரச இணையத்தளங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டன. அதற்குப் பிறகு இந்த விசயத்தில் அவர்கள் சொல்வதைப் பெரிய நாடுகளும் கேட்கின்றன. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் முறை வேறு. கேள்வித்தாள் அனுப்பாமல், நாட்டுக்கே வந்து, பொலிஸ், வங்கி, பல்கலைக்கழகம், பொது அமைப்பு என்று ஒவ்வொரு தரப்பையும் இருத்திக் கதைத்து, முதிர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். 80க்கும் மேற்பட்ட நாடுகளில் செய்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்த முறை. சட்டம் இருக்கிறதா என்று கேட்டு நிறுத்தாமல், அது வேலை செய்கிறதா என்றும் கேட்கிறார்கள்.

இலங்கையிடம் கடதாசி இருக்கிறது. 2007இன் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. சேர்ட் என்று சொல்லப்படும் கணினி அவசர தயார்நிலைக் குழு 2006இல் இருந்து இருக்கிறது. 101க்கு எடுத்தால் அவர்கள்தான். புடாபெஸ்டும் இருக்கிறது. ஆனால் 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் சொந்த மின்னஞ்சல் சேவையே பூட்டி வைத்துக் கப்பம் கேட்கும் நச்சு மென்பொருளிடம் மாட்டியது. ஏறத்தாழ 5,000 முகவரிகள். அமைச்சரவை அலுவலகமும் அதற்குள். காப்புப் பிரதியும் சேர்ந்து பூட்டுப்பட்டதால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்த கடிதங்கள் போனது போனதுதான். புதுப்பிக்காமல் விட்ட பழைய மென்பொருள் என்றார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், சேர். அடி விழாமல் இருப்பதை மட்டும் அளந்தால் போதாது. விழுந்தபிறகு எத்தனை நாளில் எழும்புகிறோம் என்பதுதான் தாங்குதிறன். பரீட்சைக் குறிப்புகளைக் கைபேசியில் மட்டும் வைத்திருக்கிற பிள்ளைக்கும் இது பொருந்தும்.

எனக்கு இந்தச் சுட்டெண்கள் மீது ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்துவிட்டு, வாய்க்காலின் கடைசி வயலுக்குப் பாய்ந்ததா என்று கேட்காமல் போவது போன்ற அளவு இது. கொழும்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்குக் கணினிக் குற்றப் பிரிவு இருக்கிறது என்பதற்குப் புள்ளி உண்டு. துணுக்காயில் ஒரு பெண் தமிழில் முறைப்பாடு கொடுத்து அது அந்தப் பிரிவுக்கு எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது என்பதற்கு எந்தப் பெட்டியும் இல்லை.

இன்னொன்று. அளவு எல்லாம் பதிவான முறைப்பாட்டில் இருந்துதான் வருகிறது. முறைப்பாடே இல்லாத இடம் குற்றமே இல்லாத இடமாகத் தெரியும். வன்னி அப்படித்தான் தெரிகிறது. ஏன் கொடுப்பதில்லை? வெட்கம் ஒன்று. பொலிஸ் வாசலுக்குப் போவதில் எங்களுக்குள்ள பழைய தயக்கம் ஒன்று, அதை நான் விளக்கத் தேவையில்லை. மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. காசு உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம், வந்திருந்தால், “இந்தக் காசு உங்களுக்கு எப்படி வந்தது?” என்ற கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள். உண்டியல்காரர் நல்ல மனிசராக இருக்கலாம், ஆனால் களவுபோன அன்றைக்குக் காட்டுவதற்கு உங்களிடம் துண்டு ஒன்றும் இருக்காது.

வகுப்பில் செய்ய ஒரு வேலை தரட்டுமா? தங்கள் வீட்டில், அயலில் யாருக்காவது இப்படிக் காசு போயிருந்தால், பெயர் இல்லாமல், எப்போது போனது, எப்போது தெரிந்தது, யாருக்கு முதலில் சொன்னார்கள் என்று மட்டும் எழுதிவரச் சொல்லுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் 2021இல் இருந்து தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே யாராவது அதை எடுத்துத் தொகுத்தால், ஜெனீவாவில் உள்ள தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்கு அனுப்பும் கேள்விக்கொத்தில் இல்லாத தகவல் எங்கள் கையில் இருக்கும்.

கேள்வி: பழைய காதலன் என் படங்களைப் போடுவேன் என்று வெருட்டுகிறான். அவன் இப்போது பிரான்ஸில். வீட்டில் சொல்ல ஏலாது.
(பெயர் வேண்டாம்)

பதில்: பிழை உங்களுடையது அல்ல, மகள். காசு கேட்டால் கொடுக்காதீர்கள், கொடுத்தால் திரும்பவும் கேட்பான். வெருட்டும் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். ‘ஸ்டொப் என்.சி.ஐ.ஐ.’ என்ற இலவச இணையத்தளம் ஒன்று இங்கிலாந்தில் இருந்து இயங்குகிறது, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. உங்கள் படத்தை அது கேட்காது. உங்கள் கைபேசியிலேயே படத்தில் இருந்து ஒரு எண்கோவையை உருவாக்கி, அந்த எண்கோவையை மட்டும் முகநூல், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கும். அதே படத்தை அங்கே யாராவது ஏற்றினால் எண்கோவை பொருந்தும், அவர்கள் தடுக்கலாம். 18க்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் இருந்து ‘ரேக் இற் டவுன்’ என்ற இதே மாதிரிச் சேவை இருக்கிறது. இரண்டும் வட்ஸ்அப்பில் தனியாக அனுப்புவதைத் தடுக்காது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரான்ஸும் புடாபெஸ்டில் இருக்கும் நாடுதான், அங்கே இருக்கிறான் என்பதால் அவனுக்குத் தைரியம் வரத் தேவையில்லை. வீட்டில் இல்லாவிட்டால் நம்பிக்கையான ஒரு ஆளுக்காவது சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போகலாம்.

கேள்வி: இந்தியாவே சேராத புடாபெஸ்ட் உடன்படிக்கையில் சின்ன நாடான இலங்கை சேர்ந்து என்ன லாபம்? இப்போது ஐ.நா.வும் ஒன்று கொண்டுவந்திருக்கிறதாமே?
(பல்கலைக்கழக மாணவன், வவுனியா)

பதில்: இந்தியா சேராததற்குக் காரணம் உண்டு, தம்பி. உடன்படிக்கையை எழுதும்போது தன்னைக் கேட்கவில்லை என்பது ஒன்று. ஒரு நாட்டில் உள்ள தரவை இன்னொரு நாடு எட்டிப் பார்க்க இடம் தரும் பிரிவு இறைமைக்கு இடைஞ்சல் என்பது மற்றது. பெரிய நாட்டுக்கு அந்த வாதம் கட்டும்.

எங்களுக்கு என்ன லாபம் என்றால், 2016 பெப்ரவரியைப் பாருங்கள். பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிக்குள் நுழைந்தவர்கள், நியூயோர்க்கில் இருந்த அதன் கணக்கில் இருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை எடுக்கக் கட்டளை அனுப்பினார்கள். வியாழன் இரவு அனுப்பினார்கள். வெள்ளி டாக்காவில் விடுமுறை, சனி ஞாயிறு நியூயோர்க்கில் விடுமுறை, திங்கள் மணிலாவில் சீனப் புத்தாண்டு. நாடுகளுக்கு இடையே யாரும் போன் எடுக்காத நேரத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். 8 கோடியே 10 லட்சம் டொலர் மணிலாவுக்குப் போய், பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்தது. 2 கோடி டொலர் இலங்கைக்கு, ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு வந்தது. பெயரில் எழுத்துப்பிழை இருந்ததை இடையில் இருந்த ஜெர்மன் வங்கி பிடித்தது. இங்கே கொழும்பு வங்கியில் ஒரு உத்தியோகத்தரும், எங்கள் நாட்டுக்கு இது அளவுக்கு மிஞ்சிய தொகை என்று சந்தேகப்பட்டார். அந்தக் காசு திரும்பிப் போனது. கவுண்டரில் இருந்தவள் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு பெருமிதம், மறைக்கவில்லை.

ஒரு உத்தியோகத்தரின் கண்ணை நம்பி நாடு இருக்க ஏலாது. அதனால்தான் 24 மணிநேரத் தொடர்பிடம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியமும் ஐரோப்பிய கவுன்சிலும் இணையக் குற்றத்துக்கு எதிராக 2013இல் தொடங்கிய கிளேசித் திட்டம். இலங்கை அதில் முன்னுரிமை நாடு. நீதிபதிகளுக்கும் சட்டத்தரணிகளுக்கும் பொலிஸாருக்கும் மின்னணுச் சான்றை எப்படி எடுப்பது, எப்படி நீதிமன்றத்தில் வைப்பது என்று பயிற்சி கொடுத்தார்கள். சான்றைப் பிழையாக எடுத்தால் பிடிபட்டவனும் வெளியே வந்துவிடுவான்.

ஐ.நா. உடன்படிக்கையைப் பொதுச்சபை 2024 டிசம்பர் 24இல் ஏற்றது. 2025 ஒக்டோபரில் ஹனோயில் 72 தரப்புகள் கையெழுத்திட்டன. 40 நாடுகள் உறுதிசெய்த பிறகுதான் நடைமுறைக்கு வரும். இந்த யோசனையை முதலில் முன்வைத்தது ரஷ்யா. மனித உரிமை அமைப்புகள் எதிர்க்கின்றன. நாலு வருசமோ அதற்கு மேலோ சிறை கிடைக்கக்கூடிய எந்தக் குற்றத்துக்கும் மின்னணுச் சான்று கேட்கலாம் என்று இருக்கிறது. எது குற்றம் என்பதை அந்தந்த நாடு தீர்மானிக்கும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு வாழ்ந்த ஊருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றியும் இதே பயம்தான். களவெடுத்தவனைத் தேட மாதக்கணக்கு, முகநூலில் எழுதியவரைத் தேட மணிக்கணக்கு என்று ஆகிவிடக்கூடாது. எனக்கு ஒத்துழைப்பு வேண்டும், ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு நீதிபதி பார்த்த பிறகு.

கேள்வி: தாய்லாந்தில் கணினித் தரவு ஏற்றும் வேலை, மாதம் 1,500 டொலர், தகுதி ஆங்கிலமும் தட்டச்சும் மட்டும். முகவர் சுற்றுலா விசாவில் போகச் சொல்கிறார். போகலாமா அக்கா?
(இளைஞன், மல்லாவி)

பதில்: இப்படிப் போனவர்களைத்தான் மியன்மார் எல்லையில் மியாவாடிப் பக்கத்து முகாம்களில் அடைத்து, மற்றவர்களை ஏமாற்றும் வேலைக்கு இருத்துகிறார்கள். இலங்கைப் பிள்ளைகளும் அங்கே அகப்பட்டு மீட்கப்பட்டிருக்கிறார்கள். மியன்மாரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிப் பலவந்தமாக வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் சொன்னது. இலக்கைத் தொடாவிட்டால் அடியும் மின்சார அதிர்ச்சியும். விசுவமடு வாசகிக்குத் தம்பி மாதிரி எழுதியவன் கூட அப்படி ஒரு அறைக்குள் இருக்கும் பிள்ளையாக இருக்கலாம்.

சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிற முகவர் சட்டப்படி வேலை செய்கிறவர் அல்ல. அவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். 1989க்கு எடுத்து, அந்த இலக்கமும் அந்தக் குறிப்பிட்ட வேலையும் பதிவில் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். இலக்கம் தராமல் மழுப்பினால் கடவுச்சீட்டை அவர் கையில் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்குங்கள். தனியாகப் போக வேண்டாம், அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போங்கள்.